கோழியை மட்டும் பொறுக்கித் தின்னும் நாயை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: 3 வயது பெண் ஸ்பிட்ஸ், எடை 8 கிலோ, கருத்தடை செய்யவில்லை. டிரை ஃபுட் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. வேகவைத்த கோழியைக் கலந்து வைத்தால் கோழித் துண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை அப்படியே விட்டுவிடுகிறது. கையில் எடுத்து ஊட்டினால் தின்கிறது. பிராண்டு மூன்று முறை மாற்றியாகிவிட்டது, எதுவும் நாலு நாளைக்கு மேல் ஓடவில்லை. ஆனால் காலையில் பால், மாலையில் பாட்டி தரும் பிஸ்கட், தோசை ஓரம் எல்லாம் மறுபேச்சில்லாமல் உள்ளே போகிறது. ஓட்டம், விளையாட்டு, மலம் எல்லாம் பழையபடி. என்ன செய்யலாம்?

பால், பிஸ்கட் பற்றிய வரியில் நீங்களே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டீர்கள். ஒன்றை ஒதுக்கிவிட்டு இன்னொன்றை ஆசையாகத் தின்னும் நாய்க்குப் பசியில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. காத்திருந்தால் நல்லது வரும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது வீட்டில் இருப்பவர்கள்தான். ஆனாலும் "அடம்" என்று முடிவு கட்டுவதற்கு முன் நோயை ஒதுக்கியாக வேண்டும். அடம் என்று நினைத்து நாலு நாள் பட்டினி போட்டு, கடைசியில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரியவரும் வீடுகள் கொஞ்சநஞ்சமல்ல.

நம் ஊரில் சாப்பிட மறுக்கும் நாயைப் பார்த்ததும் முதலில் நினைக்க வேண்டியது உண்ணிதான். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா என்ற இரண்டு நோய்களிலும் முதலில் குறைவது சாப்பாடு. காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். ஸ்பிட்ஸ் போன்ற அடர்முடி நாயில் கண்ணால் தேடுவதைவிட விரலால் தேடுவது நல்லது. உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள்: வெளுத்த இடம் 2 நொடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். ஈறே வெளிறியிருந்தால் காத்திருக்காதீர்கள். மூக்கு ஈரமா, காய்ந்திருக்கிறதா என்பதை வைத்துக் காய்ச்சலைக் கணிக்க முடியாது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு. நமக்குக் காய்ச்சலாகத் தெரியும் சூடு அதற்குச் சாதாரணம்.

உங்கள் நாய்க்கு இன்னொரு கவலையும் உண்டு. கருத்தடை செய்யாத பெண் நாய், கடைசியாக ஹீட் வந்து முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் சாப்பாட்டைக் குறைத்து, தண்ணீரை மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். வெளியே கசிவு தெரியாமலும் இது வரும், உயிருக்கே ஆபத்தானது. அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

அடுத்தது வாய். சிறிய இன நாய்களுக்குப் பல்லில் காரை சீக்கிரம் படியும். பல் வலிக்கும் நாய் ஆசையாகத் தட்டிடம் வரும், ஒரு உருண்டையை வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும், அல்லது தலையைச் சாய்த்து ஒரு பக்கமாக மெல்லும். மெத்தென்ற கோழியைத் தின்று கடினமான உருண்டையை விடுவதும் இதன் அடையாளமாக இருக்கலாம் என்பதால் ஒரு சோதனை செய்யுங்கள். அதே டிரை ஃபுட்டை வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, வேறெதுவும் கலக்காமல் வையுங்கள். ஊறியதை உடனே தின்றால் வாயைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் போங்கள். ஊறியதையும் முகர்ந்துவிட்டு நகர்ந்தால், அதே நேரம் ரஸ்க்கைக் கடகடவென்று கடித்தால், பல் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

இவற்றில் எதுவும் இல்லை, எடையும் இறங்கவில்லை என்றால் இனிமேல் சொல்வதற்கு வருவோம்.

முதல் வேலை கணக்கு. ஓய்வில் இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரியைக் கணக்கிட மருத்துவர்கள் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்குவார்கள். 8 கிலோவுக்கு அது ஏறக்குறைய 333. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு காலை மாலை கொஞ்சம் நடக்கும் நாய்க்கு அதை 1.4 முதல் 1.6 வரை பெருக்கலாம். ஆக 465 முதல் 530 கலோரி, நடுவே 480 என்று வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கில் வராமல் உள்ளே போவதைக் கூட்டுங்கள். ஒரு டம்ளர் பால், 150 மில்லி, சுமார் 100 கலோரி. மேரி பிஸ்கட் ஒன்று சுமார் 25, நாலு போனால் 100. அரை தோசை எண்ணெயோடு 70-க்குக் குறையாது. பொறுக்கித் தின்னும் கோழி 50 கிராம் என்றால் 80. மொத்தம் 350. தேவையில் முக்கால் பங்கு நிறைந்த வயிற்றோடு நிற்கும் நாயின் முன்னால்தான் நீங்கள் ஒரு தட்டு டிரை ஃபுட்டை வைக்கிறீர்கள். அது தின்னாததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

பாட்டியிடம் இதைச் சொல்ல ஒரு வழி உண்டு. இந்த நாய்க்கு நாலு பிஸ்கட் என்பது, நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் சாப்பாட்டுக்கு முன் பதினாறு பதினேழு மேரி பிஸ்கட்டை முடிப்பதற்குச் சமம். அப்புறம் சாதத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? நொறுக்குத் தீனி மொத்தமும் ஒரு நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் நாய்க்கு அது 48 கலோரி. அதாவது இரண்டே இரண்டு பிஸ்கட், பால் கிடையாது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது என்பதால் பாலை நிறுத்துவதில் நஷ்டம் ஏதுமில்லை.

டிரை ஃபுட் பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி தரும். அதை மட்டுமே கொடுத்தால் 480 கலோரிக்கு நாளைக்குச் சுமார் 130 கிராம் போதும். காலை 65, இரவு 65. கப்பில் அளக்காதீர்கள், சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 65 கிராம் எவ்வளவு கொஞ்சம் என்று பார்த்தால்தான் நாய் "சாப்பிடவே இல்லை" என்ற கவலை பலருக்கும் பாதி குறையும். பையில் அச்சிட்டிருக்கும் அளவு வீட்டு நாய்க்குப் பல நேரம் தாராளமாகவே இருக்கும்.

நாய் உண்மையிலேயே இளைத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கையே போதும். விலாவின் மேல் விரலை ஓட்டுங்கள். முட்டி மடக்கிய கையின் கணுக்களைத் தடவுவதுபோல் இருந்தால் மெலிவு. விரல் நீட்டிய புறங்கையைத் தடவுவதுபோல் எலும்பு மெலிதாகத் தட்டுப்பட்டால் சரியான உடல். உள்ளங்கைச் சதைபோல் எதுவும் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு. ஸ்பிட்ஸின் முடி கண்ணை ஏமாற்றும், ஆகவே தடவித்தான் பார்க்க வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. அவை ஓடுவதற்கென்றே ஒட்டிய வயிறோடு பிறந்தவை, கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது அவற்றுக்கு அழகு. அதைப் பார்த்து "சாப்பிடாத நாய்" என்று நெய்ச்சோறு ஊட்டுவது வீண் வேலை. லாப்ரடார் என்றால் பதிலே வேறு. 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் பிஓஎம்சி மரபணுவின் ஒரு துண்டு இல்லாமலிருப்பதைக் கண்டார்கள். எதைக் கண்டாலும் விழுங்கும் அந்த இனம் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அடம் என்ற பேச்சுக்கே இடமில்லை, நேராக மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

இனி உணவைப் பார்ப்போம். டிரை ஃபுட் உருண்டையின் வாசனைக்குக் காரணம், அதைச் சுட்டெடுத்த பின் மேலே தெளிக்கும் கொழுப்பும் இறைச்சிச் சாறும். பையைத் திறந்த நாளிலிருந்து அந்தக் கொழுப்பு காற்றும் ஈரமும் பட்டுச் சிக்கு அடிக்கத் தொடங்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரப் புழுக்கத்தில் இன்னும் வேகம். நாயின் நாக்கில் இருக்கும் சுவை மொட்டுகள் சுமார் 1700, நமக்கு 9000 அளவில். சாப்பாட்டை அது எடை போடுவது மூக்கால். நமக்குத் தெரியாத சிக்கு வாடை அதற்கு முதல் நாளே தெரியும். எனவே 10 கிலோ மூட்டை மலிவு என்று வாங்காதீர்கள். உங்கள் நாய்க்கு அது இரண்டரை மாதத்துக்கு வரும், கடைசி ஒரு மாதம் குப்பைக்குத்தான் போகும். 3 கிலோ பை 23 நாளில் முடியும், அதுவே சரியான அளவு. தனி டப்பாவில் கொட்டாமல், பையோடு சேர்த்து டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். டப்பாவின் உள்சுவரில் ஒட்டும் பழைய எண்ணெய்தான் புது உணவையும் கெடுக்கும். கடையில் மூட்டையைப் பிரித்து உதிரியாக நிறுத்துக் கொடுப்பதை வாங்கவே கூடாது. என்றைக்குப் பிரித்தது என்று கடைக்காரருக்கே நினைவிருக்காது.

பிராண்டை மாற்றியதும் நாலு நாள் நன்றாகத் தின்று ஐந்தாம் நாள் நிறுத்துவது புது வாசனையின் மயக்கம். நாய்கள் பலவற்றுக்குப் புதிது பிடிக்கும். நிறுத்தியதும் நீங்கள் அடுத்த பிராண்டுக்குத் தாவினால், "நிறுத்தினால் புதிது வரும்" என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு மாதம் அதிலேயே நில்லுங்கள். மாற்றியே தீர வேண்டும் என்றால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு கால், அரை, முக்கால் என்று பழையதோடு கலந்து மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். அப்படி ஒருமுறை வயிறு கெட்டால் அந்த உணவின் வாசனையையே அது வெறுத்துவிடும்.

கோழித் துண்டு விஷயத்துக்கு வருவோம். துண்டாகப் போட்டால் எந்த நாயும் பொறுக்கத்தான் செய்யும். பிரிக்க முடியாதபடி கொடுப்பதே வழி. எலும்பில்லாத நெஞ்சுக்கறி 100 கிராமை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, வெந்த தண்ணீர் 150 மில்லியோடு மிக்ஸியில் விழுதாக அரையுங்கள். ஐஸ் கட்டி அச்சில் ஊற்றி உறையவிட்டால் ஒரு கட்டி ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி வரும். வேளைக்கு வேண்டியதை எடுத்து, சூடான தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி விட்டுக் கரைத்து, உருண்டைகளின் மேல் ஊற்றிக் கையால் பிசறுங்கள். ஒவ்வொரு உருண்டையிலும் விழுது பூசியிருக்க வேண்டும். தட்டில் வைக்கும்போது கைக்கு வெதுவெதுப்பாக, உடல் சூட்டில் இருக்கட்டும். வாசனை அப்போதுதான் எழும். கொதிக்கக் கொதிக்க வைத்து நாக்கைச் சுட்டுவிட்டால் அந்தத் தட்டையே நாய் கிட்டே சேர்க்காது.

முதல் 4 நாள் வேளைக்கு மூன்று கட்டி, அடுத்த 4 நாள் இரண்டு, அதற்கடுத்த 4 நாள் ஒன்று, பிறகு கோழி வேகவைத்த தண்ணீர் மட்டும் ஒரு கரண்டி. இங்கே பலரும் தவறுவது இரண்டாவது கட்டத்தில். நாய் நன்றாகத் தின்கிறதே என்ற மகிழ்ச்சியில் குறைப்பதை மறந்துவிடுகிறார்கள், அல்லது மூன்றிலிருந்து சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்குகிறார்கள். ஊறிய உணவை நம் வெயிலில் அரை மணிக்கு மேல் வெளியே வைக்கவும் கூடாது.

தட்டு வைக்கும் முறைதான் எல்லாவற்றிலும் முக்கியம். காலை 7, இரவு 8 என்று இரண்டே வேளை. சித்திரை, வைகாசி வெயிலில் காலை 6, இரவு 9 என்று தள்ளி வையுங்கள். அந்தப் புழுக்கத்தில் நாய்க்குப் பசி குறைவது இயற்கை. சாப்பாட்டுக்கு முன் 20 நிமிடம் நடக்கவிடுங்கள். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய, ஆழ்ந்த மார்புள்ள இனங்களுக்கு மட்டும் ஓட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இரைப்பை முறுக்கும் அபாயம். தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கெஞ்ச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிடும்மா" என்று கொஞ்ச வேண்டாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்வதே அதற்குப் பரிசு, சாப்பிடாமல் இருந்தால்தானே அந்தப் பரிசு கிடைக்கிறது! 15 நிமிடம் கழித்து மீதியோடு தட்டை எடுத்துவிடுங்கள், முகத்தைச் சுளிக்காமல், ஒன்றும் சொல்லாமல். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும், அது எப்போதும் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் 65 கிராமுக்குப் பதில் 45 கிராமே வையுங்கள். தட்டைக் காலி செய்யும் பழக்கம் முதலில் வரட்டும், அளவைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் மூன்றாம் நாள்தான் சோதனை. தட்டைக் காலால் தள்ளும், முனகும், சமையலறை வாசலிலேயே படுத்துக்கிடக்கும். அதிகாலையில் மஞ்சளாகக் கொஞ்சம் நுரைத்து வாந்தி எடுக்கலாம். வெறும் வயிற்றில் பித்தநீர் மேலே ஏறுவதுதான் அது. ஒருமுறை என்றால் பயம் வேண்டாம், இரவு உணவில் கால் பங்கை எடுத்து வைத்து 10 மணிக்குக் கொடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். இந்த நேரத்தில் மனம் இளகி ஒரு துண்டு கோழி கொடுத்தீர்களானால், இதுவரை அரை மணி காத்திருந்த நாய் இனி மூன்று நாள் காத்திருக்கக் கற்றுக்கொள்ளும். நோயில்லாத வளர்ந்த நாய் ஒருநாள் சாப்பாட்டை விடுவதால் கெட்டுவிடாது. ஆனால் 24 மணி நேரம் ஒன்றும் தின்னாமல் சோர்வு, தொடர் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலோ, எதுவும் சேராமலே 48 மணி ஆனாலோ முயற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டி, சினை நாய், சர்க்கரை நோயுள்ள நாய், வயதான நாய் ஆகியவற்றிடம் இந்த முறையையே பயன்படுத்தக் கூடாது. ஒன்றரைக் கிலோ பொமரேனியன் குட்டி சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே இரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடும்.

கையால் ஊட்டுவதை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். முதல் இரண்டு நாள் கையைத் தட்டுக்குள் வைத்து, உள்ளங்கையிலிருந்தே எடுக்கவிடுங்கள். பிறகு முதல் நாலு உருண்டை கையில், மீதி தட்டில். பிறகு விரல் தட்டின் விளிம்பில் இருந்தால் போதும். ஒரு வாரத்தில் கை விலகிவிடும்.

தட்டையும் ஒருமுறை பாருங்கள். கழுத்துப் பட்டையின் வில்லை எவர்சில்வர் தட்டில் மோதி எழுப்பும் சத்தத்துக்கே மிரளும் நாய்கள் உண்டு. டைல்ஸ் தரையில் தட்டு வழுக்கிக்கொண்டே போனாலும் விட்டுவிட்டுப் போகும். அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போதும். மருந்து மாத்திரையைச் சாப்பாட்டுத் தட்டில் ஒளித்துக் கொடுத்த பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். கசப்பை ஒருமுறை கடித்த நாய் தட்டு முழுவதையும் சந்தேகிக்கும். மாத்திரைக்குத் தனியாக ஒரு உருண்டை, தனி இடம், தனி நேரம்.

ஆசை காட்டுவதற்காகக் குழம்பை ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே இரத்தத்தில் கெடுதல் தெரியத் தொடங்கும். உங்கள் நாய்க்கு அது 120 கிராம், ஒரு பெரிய வெங்காயம். தினம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்துகொண்டே போகும். பூண்டு அதைவிட வீரியம். நெய் சோற்றிலும் கோழித்தோலிலும் உள்ள கொழுப்பு கணையத்தைப் புண்ணாக்கும், ஸ்பிட்ஸ் மாதிரி சிறிய நாய்க்கு இன்னும் சுலபமாக. கருவாட்டு வாசனைக்கு எந்த நாயும் மயங்கும், ஆனால் அந்த உப்பு ஆகாது. பதிலுக்கு முள் எடுத்த மத்தி மீனை வேகவைத்து ஒரு தேக்கரண்டி பிசறலாம். ஈரல் என்றால் நாளைக்கு ஒரு சிறு துண்டோடு சரி, வைட்டமின் ஏ மிகுந்துவிடும்.

டிரை ஃபுட்டே வேண்டாம், வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவெடுப்பதும் தவறில்லை. ஆனால் சோறும் கோழியும் மட்டும் முழு உணவாகாது. உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு வெந்த நெஞ்சுக்கறி 130 கிராம், வெந்த சோறு 150 கிராம், வேகவைத்த கேரட் அல்லது பூசணி 40 கிராம், ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் 460 கலோரி ஆகும். இதில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. தேவை சுமார் 0.6 கிராம். கழுவி, காயவைத்து, மாவாக அரைத்த முட்டை ஓடு மூன்றில் ஒரு பங்கு தேக்கரண்டி அதைத் தரும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவற்றுக்கு மருத்துவர் எழுதித் தரும் கலவை வேண்டும். டிரை ஃபுட்டை முழுமையாகத் தின்னும் நாய்க்கு இந்தக் கால்சியத்தைச் சேர்க்காதீர்கள். வளரும் பெரிய இனக் குட்டிகளுக்கு அது எலும்பையே கோணலாக்கும். தயிர்சாதம் வெயில் காலத்தில் கொஞ்சம் கொடுக்கலாம், தாளிப்பும் உப்பும் இல்லாமல். தினசரி உணவாக அது புரதத்துக்குப் போதாது.

வாரம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து எழுதி வையுங்கள். இரண்டு வாரத்தில் 400 கிராமுக்கு மேல் இறங்கினால், தட்டைக் காலி செய்தாலும்கூட, இரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

பாட்டியை "கொடுக்காதீங்க" என்று சொல்லி நிறுத்திய வீடு அபூர்வம். காலையில் 130 கிராமை நிறுக்கும்போதே 15 கிராமை எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அந்த டப்பாவிலிருந்து எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் அவர் கொடுக்கட்டும். தட்டில் ஒதுக்கிய அதே உருண்டையைப் பாட்டி கையிலிருந்து அது வாலாட்டிக்கொண்டே வாங்கித் தின்னும்.